அப்பாவுக்கு: இந்த 2024 சீசன்ல நம்ம வூஸ்டர் கிரிக்கெட் டீம் எப்படி இருக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பையனுக்கு இருமல் விட்டுடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, அவரும் நல்லா இருக்கார். போன வாரம் போன்ல நீங்க கேட்டீங்கல்ல, எங்க வூஸ்டர்ஷயர் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிரிக்கெட் டீம் கஷ்டப்பட்டு மேல் டிவிஷனுக்கு ஏறிட்டு, இருந்த நல்ல பசங்களை எல்லாம் விட்டுட்டீங்களே, இனிமே யாரை வச்சு ஆடப் போறீங்கன்னு. அப்ப டூட்டிக்கு கிளம்பற அவசரத்துல சரியா பதில் சொல்ல முடியல, அது மனசுலயே நின்னுச்சு, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

இங்க குளிர்காலம் இப்பதான் முடியற மாதிரி இருக்கு. டிசம்பர், ஜனவரில நாலு மணிக்கே இருட்டிடும்பா, டூட்டிக்கு போறப்பவும் இருட்டு, திரும்பி வர்றப்பவும் இருட்டு. ஜனவரில செவர்ன் ஆறு பெருகி நம்ம டீமோட நியூ ரோடு கிரவுண்ட் முழுக்க தண்ணி, கதீட்ரல் பக்கத்துல நின்னு பாத்தா எது ஆறு எது கிரவுண்டுன்னே தெரியல, பிட்ச் இருக்கற இடத்துல அன்னப்பறவை நீந்துது. நம்ம காவேரில வெள்ளம் வந்தா படித்துறையில நின்னு பாப்போம்ல, அதே கூட்டம், அதே பேச்சு. இது இங்க பல வருஷம் நடக்கறதுதான், ஆனா இந்த வருஷம் கிரவுண்ட் காய நாளாகறதால ஏப்ரல்ல ஹோம் மேட்ச் எல்லாம் கிடர்மின்ஸ்டர் கிளப் கிரவுண்டுக்கு மாத்திட்டாங்க. எங்க ஆஸ்பத்திரி டீ ரூம்ல குளிர்காலம் பூரா ரெண்டே பேச்சுதான், ஒண்ணு வெள்ளம், இன்னொண்ணு யாரு போறா யாரு வர்றா. கிரிக்கெட் இல்லாத ஆறு மாசத்துல இவங்க பேசற கிரிக்கெட் இருக்கே, அது சீசன்ல பேசறதை விட ஜாஸ்தி.

சரி விஷயத்துக்கு வர்றேன். 2023ல கவுண்டி சாம்பியன்ஷிப் செகண்ட் டிவிஷன்ல டர்ஹாமுக்கு அடுத்து ரெண்டாவதா வந்து ஏறினோம், 2018ல இறங்கினதுக்கு அப்புறம் இப்பதான் மறுபடி மேல. அந்த சந்தோஷத்தை முழுசா அனுபவிக்கவே விடாம, ஜோஷ் டங், டில்லன் பென்னிங்டன், ஜாக் ஹேன்ஸ் மூணு பேரும் நாட்டிங்ஹாம்ஷயருக்கு கையெழுத்து போட்டுட்டாங்க. பாட் பிரவுன் டெர்பிஷயருக்கு போயிட்டான், 2018ல டி20 கப் ஜெயிச்சப்ப 31 விக்கெட் எடுத்தானே, அந்த பையன்தான். ஒரு டீம்ல இருந்து ஒரே நேரத்துல நாலு பேர், அதுவும் யாரும் வயசாகி ரிட்டயர் ஆகப்போற ஆள் இல்ல. ஹேன்ஸ் இந்த ஊர்லயே பொறந்தவன், அவங்கப்பா கேவினும் இதே கவுண்டிக்கு ஆடினவர். டங் ரெட்டிச்சுல பொறந்தவன், சின்ன வயசுலேந்து இங்கதான். தோள்பட்டை பிரச்சினையில ஒரு வருஷத்துக்கு மேல பந்தே போட முடியாம கிரிக்கெட்டையே விட்டுடலாமான்னு இருந்தவனை கிளப் விடாம வச்சுக்கிட்டுது, அதுக்கு அப்புறம்தான் 2023 ஜூன்ல லார்ட்ஸ்ல அயர்லாந்துக்கு எதிரா முதல் டெஸ்ட்லயே 5 விக்கெட் எடுத்தான். அன்னிக்கு எங்க வார்டுல ஒரு தாத்தா ரேடியோவை காதுல வச்சுக்கிட்டு கண்ணு கலங்கினார்பா.

நீங்க துரோகம்னு சொன்னீங்க. எனக்கு அந்த வார்த்தை சரியா படல. கோவம் எனக்கும் இருக்கு, ஆனா அந்த பசங்க மேல இல்ல. நாட்டிங்ஹாம்ஷயரோட ட்ரென்ட் பிரிட்ஜ் கிரவுண்டுல டெஸ்ட் நடக்குது, அந்த வருமானம் இருக்கு, ஹண்ட்ரட்னு நூறு பந்து போட்டி இருக்கே, அதுக்கான டீமும் அங்கேயே இருக்கு, இங்க ஆறு பெருகினா கார் பார்க் கூட மிஞ்சாது. இங்கிலாந்துக்கு ஆடணும்னு நினைக்கற ஒரு ஃபாஸ்ட் பவுலர் டெஸ்ட் கிரவுண்டுல தினம் பந்து போட ஆசைப்படறது தப்பா? நானும் தஞ்சாவூர்ல படிச்சு அங்கேயே வேலை கத்துக்கிட்டு, அப்புறம் சம்பளமும் வாய்ப்பும் பாத்து இங்க வந்தவதானே, என்னை யாராவது துரோகின்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா. ஆனா ஒண்ணு கேக்கணும், வளத்து விடற கவுண்டிக்கு என்ன கிடைக்குது? ஃபுட்பால்ல ஒரு பையனை எடுத்தா வளத்த கிளப்புக்கு பெரிய பணம் போகும், இங்க கான்ட்ராக்ட் முடிஞ்சா அவன்பாட்டுக்கு போயிடலாம், பத்து வருஷம் அகாடமில சோறு போட்டு கோச் வச்சு வளத்ததுக்கு ஃபுட்பால் மாதிரி பெரிய பணம் எல்லாம் வராது. இதை மாத்தாம சின்ன கவுண்டி எல்லாம் நல்லா இருக்கணும்னு பேசறது வெறும் பேச்சு. நீங்க சென்னை லீக் ஃபாலோ பண்ணினவர், ஜாலி ரோவர்ஸும் இந்தியா சிமென்ட்ஸும் நல்ல பசங்களை வேலை குடுத்து இழுத்துக்குவாங்கன்னு நீங்களே சொல்வீங்க, சின்ன டீம் எல்லாம் பாத்துட்டு நிக்கும். அதே கதைதான்.

இன்னொண்ணு, நாமளும் வெளியிலேந்து எடுத்தவங்கதான், அதையும் சொல்லணும். 1986ல சாமர்செட் கவுண்டி வெஸ்ட் இண்டீஸ் ஆளுங்க விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் வேண்டாம்னு சொன்னப்ப இங்கிலாந்து ஆல்ரவுண்டர் போத்தம் கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தார், 87ல அவரும் கென்ட்ல இருந்து கிரஹாம் டில்லியும் வூஸ்டருக்கு வந்தாங்க. அப்புறம் 1988, 1989 ரெண்டு வருஷமும் சாம்பியன்ஷிப். இங்க வயசானவங்க எல்லாரும் அந்த குளிர்காலத்தைத்தான் பேசுவாங்க, 1988ல கிரேம் ஹிக் ஒரே இன்னிங்ஸ்ல அடிச்ச 405 ரன்னை விட ஜாஸ்தியா. உங்க கபில் தேவும் 84, 85ல இங்க ஆடினார், அஸ்வின் 2017ல வந்து 4 மேட்ச்ல 20 விக்கெட் எடுத்தார், அந்த வருஷமும் ஏறினோம், அடுத்த வருஷமே இறங்கிட்டோம். அதனாலதான் எனக்கு ஏர்றது பெரிசா தெரியல, இருக்கறதுதான் பெரிசு.

இப்ப கேப்டன் பிரெட் டொலிவேரா. அவங்க தாத்தா பேசில், கலப்பு இனம்னு தென்னாப்பிரிக்காவுல டெஸ்ட் ஆட விடாததால 1960ல இங்க வந்தவர், 1964ல வூஸ்டருக்கு வந்தார், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் டீமுக்கு சாம்பியன்ஷிப். அவர் பையன் டேமியன் இங்க ஆடி, பின்னாடி இங்கேயே பசங்களுக்கு கோச்சா இருந்தார், இப்ப பேரன் டாஸ் போடறான். வந்த ஆள் தங்கிட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விட என்னப்பா வேணும்.

வந்தவங்களை சொல்றேன். லங்காஷயர்ல இருந்து ராப் ஜோன்ஸ், பேட்ஸ்மேன். நார்த்தாம்ப்டன்ஷயர்ல இருந்து டாம் டெய்லர், பந்தும் போடுவான் பேட்டும் பண்ணுவான். பக்கத்து வார்விக்ஷயர்ல இருந்து ஈதன் ப்ரூக்ஸ், அவனும் ஆல்ரவுண்டர். நியூசிலாந்துல இருந்து நேதன் ஸ்மித், இன்னும் நாட்டுக்கு ஆடல, ஆனா உள்ளூர்ல நல்லா பண்ணிட்டு இருக்கறவன். அப்புறம் ஆரம்ப மேட்ச்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் ஜேசன் ஹோல்டர்! ஹோல்டர் பேரை கேட்டதும் எங்க டீ ரூம்ல இருந்த ட்ரினிடாட் அக்கா எந்திரிச்சு நின்னுட்டாங்க.

பேப்பர்ல எழுதறவங்க எல்லாம் இந்த டீம் இறங்கிடும்னு எழுதறாங்க. எனக்கு அப்படி தோணல, ஏன்னு சொல்றேன். டங்கோட வேகம் போயிடுச்சு, அது உண்மை, அந்த வேகத்துக்கு பதில் இந்த ஸ்குவாட்ல யாருமே இல்ல, செட் ஆன பேட்ஸ்மேனை பழைய பந்துல தூக்கறதுக்கு ஆள் இல்லாம சில மத்தியானம் ரொம்ப நீளமா போகும். ஆனா ஆழம் பாருங்க. ஸ்மித், டெய்லர், ப்ரூக்ஸ், மேத்யூ வெய்ட், டொலிவேரா, ஹோல்டர் இருக்கறவரைக்கும் ஹோல்டர், இவங்க எல்லாரும் ரெண்டும் பண்றவங்க, எட்டு ஒன்பதாவது ஆள் வரைக்கும் ரன் வரும். 14 மேட்ச் சீசன்ல யாராவது ஒருத்தருக்கு தொடைல பிடிக்கும், ஒருத்தருக்கு விரல் உடையும், அப்ப ஒரு ஸ்டாரை நம்பின டீம் உக்காந்துடும், இந்த மாதிரி டீம் தாங்கும். முதல் ரெண்டு ரவுண்டு கூக்கபுரா பந்து வேற. இங்க வழக்கமா போடற ட்யூக்ஸ் பந்து மாதிரி ரொம்ப நேரம் ஸ்விங் ஆகாது, கொஞ்ச நேரத்துலயே மெத்துனு ஆயிடும், அப்ப உயரமா நின்னு ஒரே இடத்துல குத்தற ஹோல்டர் மாதிரி ஆள்தான் வேணும். அவரை எடுத்தது யோசிச்சு பண்ணினதுன்னு நான் நினைக்கறேன், பேருக்காக பண்ணினது இல்ல.

பேட்டிங்ல ஜேக் லிபிதான் எனக்கு நம்பிக்கை. அவரும் நாட்டிங்ஹாம்ஷயர்ல இருந்து இங்க வந்தவர்தான், இதை நான் டீ ரூம்ல சொன்னா கொஞ்சம் அமைதியாயிடறாங்க. கரெத் ரோட்ரிக் கீப்பிங்கும் பண்ணுவார், மேலயும் ஆடுவார். மூணாவது நாலாவது இடம்தான் பயம். ஹேன்ஸ் மாதிரி கண்ணுக்கு அழகா அடிக்கற ஆள் போன இடத்துல ஜோன்ஸ் வர்றான், அவன் நின்னு ஆடற ஆள், ரசிக்கறதுக்கு கம்மிதான், ஆனா ஏப்ரல் மாச பச்சை பிட்ச்ல ரசனையா முக்கியம். பந்துக்கு ஜோ லீச் இருக்கார். 33 வயசு, பெரிய வேகம் இல்ல, பழைய கேப்டன், எத்தனையோ பேர் போனப்பவும் போகாதவர். அவர் ஓடி வர்றப்ப கைதட்டற சத்தமே வேற.

ஸ்பின்னுக்கு ஜோஷ் பேக்கர். லெஃப்ட் ஆர்ம், 20 வயசுதான், ரெட்டிச் பையன், இங்கேயே வளந்தவன். 2022ல பென் ஸ்டோக்ஸ் நியூ ரோடுல 17 சிக்ஸ் அடிச்சாரே, அதுல ஒரே ஓவர்ல 34 ரன் குடுத்தது இந்த பிள்ளைதான். வேற பையனா இருந்தா அதோட ஒடிஞ்சு போயிருப்பான். இவன் மறுபடி வந்து பந்தை மேல தூக்கி ஃபிளைட் குடுத்துத்தான் போடறான். பவுண்டரி பக்கம் நிக்கறப்ப சின்ன பசங்க கூப்பிட்டா திரும்பி சிரிப்பான், நம்ம வீட்டு குட்டிக்கு அவனைத்தான் பிடிக்கும். யார் வேணா வரட்டும் போகட்டும், இந்த பிள்ளையை நீள கான்ட்ராக்ட் குடுத்து வச்சுக்கணும்பா, எனக்கு அதுதான் ஆசை.

காஷிஃப் அலியை பத்தியும் சொல்லணும். தெற்காசிய பசங்களுக்குன்னு இங்க ஒரு அகாடமி நடத்தறாங்க, ஏன்னா கிளப் லெவல்ல நம்ம ஊர் பசங்க அத்தனை பேர் ஆடியும் கவுண்டி கான்ட்ராக்ட்னு வர்றப்ப விரல் விட்டு எண்ணிடலாம். அதுல இருந்து 2022ல முதல்ல கான்ட்ராக்ட் வாங்கினது காஷிஃப்தான், குடுத்தது நம்ம கவுண்டி. வெளிலேந்து பாத்தா இது சின்ன ஒப்பந்தம், பேப்பர்ல ரெண்டு வரி வந்திருக்கும். பையனை சனிக்கிழமை சனிக்கிழமை நெட்ஸுக்கு கூட்டிட்டு போற எனக்கு அது ஹோல்டரை விட பெரிசு. பணம் இல்லாத கவுண்டி இப்படித்தான் தேடணும், மத்தவங்க கண்ணுல படாத இடத்துல. அதை இவங்க பண்றாங்க, அதுக்காகவே மெம்பர்ஷிப் புதுப்பிச்சுட்டேன், கொஞ்சம் செலவுதான், அவர் ஒண்ணும் சொல்லல.

என் கணக்குல இறங்க மாட்டோம். சாம்பியன் எல்லாம் இல்ல, அது சர்ரே மாதிரி ரெண்டு டீம் போடற அளவு ஆள் வச்சிருக்கறவங்களுக்கு, நம்ம சாய் சுதர்சன் கூட போன செப்டம்பர்ல அவங்களுக்குத்தான் ஆடினார். நமக்கு கடைசி ரெண்டு இடத்துக்கு மேல இருந்தா போதும். ஹோல்டர் போனப்புறம் ஸ்மித் நல்லா இருக்கணும், லீச் உடம்பு தாங்கணும். நாட்டிங்ஹாம்ஷயர் நம்மளோட ஆடற அன்னிக்கு எப்படியாவது லீவு போட்டு போகணும், ஹேன்ஸ் இறங்கி வந்தா நான் கைதட்டத்தான் போறேன், நீங்க திட்டினாலும் சரி.

முதல் மேட்ச் ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை, பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டன்ல வார்விக்ஷயரோட. இங்க 11 மணின்னா உங்களுக்கு மத்தியானம் 3:30. கவுண்டிகளே யூடியூப்ல ஃப்ரீயா லைவ் போடறாங்க, தம்பிகிட்ட சொல்லி டிவில போட்டுக்கோங்க, ஃபோன்ல பாத்து கண்ணை கெடுத்துக்காதீங்க. டெய்லரோட முதல் ஸ்பெல்லை மட்டும் விடாம பாத்துட்டு லைன் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, எனக்கு அன்னிக்கு டே டூட்டி.

பிபி மாத்திரையை விடாதீங்க. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்குன்னும் எழுதுங்க.

உங்க அன்பு மக