பனிக்கடல் கப்பல் வருகிறது, எஞ்சின் ரூமுக்கு யார் வருகிறார்கள்?

மதிப்பிற்குரிய புவி அறிவியல் அமைச்சகத்தாருக்கும், கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தாருக்கும்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமிலேயே முப்பது வருஷம் வியர்த்து, ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவன். துருவ ஆராய்ச்சிக்கு நமக்கென்று ஒரு கப்பலைக் கொல்கத்தாவிலேயே கட்ட, கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் நார்வே நாட்டு காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் 2025 ஜூனில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட செய்தியைப் படித்தேன். 2014-இலேயே அமைச்சரவை ஒப்புதல் கிடைத்து, கட்டும் வேலையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்து, அதுவும் ரத்தாகி... சரி, பழைய கதை வேண்டாம். இப்போதாவது நடக்கட்டும்.

ஆனால் படித்த செய்திகள் எல்லாம் ஆய்வுக்கூடத்தையும் ஆழ்கடல் கருவிகளையும்தான் பேசுகின்றன. எஞ்சின் ரூம் இருக்கும் கீழ்த்தளத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. அதற்குத்தான் இந்த மடல்.

1981 டிசம்பரில் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து முதல் தடவையாக அண்டார்டிகாவுக்குக் கிளம்பியது 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே கப்பலில். அன்று தொடங்கி வாடகைக் கப்பல்தான். அங்கே இருக்கும் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்கள் நம்முடையவை. அங்கே கொண்டுபோய் விடும் கப்பல் அடுத்தவருடையது. கப்பல் திரும்பிப் போகும்போது பனியில் ஓட்டிய அனுபவமும் அதோடு போய்விடுகிறது.

அதே 'போலார் சர்க்கிள்' என்ற பெயரில் நார்வேயில் 1990-இல் இன்னொரு கப்பல் கட்டினார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதை முதலில் வாடகைக்கு எடுத்தது, பிறகு விலைக்கே வாங்கி 'எண்டூரன்ஸ்' என்று பெயர் வைத்தது. உடம்பெல்லாம் சிவப்பு. அண்டார்டிகாவில் கடல் வரைபடத்துக்கு ஆழம் அளப்பது, ஆய்வு நிலையங்களுக்கு உதவுவது எல்லாம் அதன் வேலை. பனியைத் தாங்க, நீர்மட்டத்தை ஒட்டிய தகடுகளைத் தடிப்பாக்கி, உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்களை நெருக்கி வைத்த கப்பல். அந்தக் கப்பலைக் கடைசியில் சாய்த்தது பனி இல்லை.

2008 டிசம்பர் 16, தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், மெகல்லன் ஜலசந்தி அருகே. கடல்நீர் உள்ளே வரும் குழாயின் ஸ்ட்ரெய்னரை, அதாவது வடிகட்டியை, கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வழியின் வால்வு காற்றழுத்தத்தில் இயங்குவது. அதன் காற்றுக் குழாய்களைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது மாறிப்போனதாக விசாரணையில் தெரிந்தது. மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்துகொண்டது. எஞ்சின் ரூம் முழுகியது. உயிர்ச்சேதம் இல்லை, புண்ணியம். சிலி நாட்டுத் துறைமுகமான புந்தா அரேனாஸுக்கு இழுத்துப் போய், பிறகு இன்னொரு கப்பலின் முதுகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அது கடலுக்குத் திரும்பவே இல்லை. கடைசியில் உடைக்க விற்றுவிட்டார்கள்.

ஸ்ட்ரெய்னரைத் திறப்பது எங்களுக்கு வாராவாரம் செய்கிற வேலை. இரண்டு பக்க வால்வையும் மூடுவோம். பிறகு நட்டுகளைக் கழற்றிவிட மாட்டோம், இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, மூடியை லேசாக அசைத்துவிட்டு நிற்போம். கசியும் தண்ணீர் குறைந்து நின்றால் வால்வு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நிற்காமல் பீறிட்டால் உடனே நட்டை இறுக்கிவிடலாம். எனக்கு ஒரு தடவை நிற்கவில்லை. பூட்டியாகிவிட்டது என்று காட்டிய வால்வுக்குள் ஒரு சிப்பி சிக்கியிருந்தது. கழுத்து வரை நனைந்ததோடு தப்பினோம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் முதல் செகண்ட் எஞ்சினியர். எந்தப் புத்தகமும் இல்லை.

பனிக்கடலில் இந்த வேலை அடிக்கடி வரும். பின்லாந்து வளைகுடாவில் ஒரு ஜனவரியில் பார்த்தேன். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் வாயை நொறுங்கிய பனிக்கூழ் அடைத்துவிடும். வெளியே உறையும் குளிர், உள்ளே எஞ்சின் சூடேறி அலாரம் அடிக்கும். எஞ்சினைச் சுற்றிவந்த வெந்நீரில் ஒரு பங்கைத் திரும்ப அந்த வாய்க்கே அனுப்பிக் கரைக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பது கைப்பழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்த துருவக் கடல் விதிகளையொட்டி, கேப்டனுக்கும் மேல்தள அதிகாரிகளுக்கும் தனிப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமானது. எஞ்சினியர்களுக்கு அப்படி ஒன்று கட்டாயம் இல்லை. போர்க்கப்பல்களுக்கோ அந்த விதிகளே பொருந்தாது. ஆகவே கடற்படை ஆளை வைத்தாலும் சரி, வணிகக் கப்பல் ஆளை வைத்தாலும் சரி, கீழ்த்தளத்துக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள் என்று சட்டம் உங்களைக் கேட்காது. நீங்களாகச் செய்தால்தான் உண்டு.

'கப்பல் வரட்டும், ஆள் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு அலுவலகங்களில் வருவது சகஜம். இந்த வகைக் கப்பலைச் சில்லறைச் செலவாக நினைத்தவர்கள் முன்பும் உண்டு. நான் சொன்ன கப்பலுக்கு முன்பு அதே பெயரில் ஓடிய பழைய 'எண்டூரன்ஸ்' கப்பலை நிறுத்தப்போவதாக 1981-இல் லண்டன் அறிவித்தது. பிரிட்டனுக்குத் தென் அட்லாண்டிக் பக்கம் அக்கறை போய்விட்டது என்று அர்ஜென்டினா எடுத்துக்கொண்டது. அடுத்த ஏப்ரலில், அங்கே பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லந்துத் தீவுகளுக்காக இரண்டு நாடுகளுக்கும் போர். அப்படி அறிவித்தது சரியில்லை என்று பிறகு அரசு அமைத்த குழுவே எழுதியது. அதே கப்பல் அந்தப் போரில் ஓடியது, 1991 வரை வேலையும் செய்தது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. அடுத்த பயணங்களுக்கு வாடகைக் கப்பல் பேசும்போது, அதன் எஞ்சின் ரூமில் நம் ஆட்கள் நான்கைந்து பேர் கூடவே நிற்க இடம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புது ஆளை அனுப்பாமல் அதே ஆட்களையே அனுப்புங்கள். அவர்களில் மூத்தவரைக் கப்பல் கட்டும் தளத்திலும் உட்கார வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்ப்பது வேறு, வெல்டிங் நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. எஞ்சின் கொல்கத்தாவில் வந்து இறங்கும் அன்று, அதைப் பிரித்து மாட்டப்போகிற ஆள் கரையில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கப்பல் எஞ்சினியர்