எந்த நாட்டு கேலன் என்று சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பெட்ரோல் விலை பற்றிய உங்கள் செய்தியில், ஒரு கேலனுக்கு நாலரை லிட்டர் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். அது பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான். டெக்சாஸில் என் மகள் வீட்டுக்கு வாங்கும் பால் கேனிலேயே 3.78 என்று அச்சடித்திருக்கிறது. கேலன் 4 டாலர் என்றால் லிட்டருக்கு 1 டாலர் 6 சென்ட் ஆகிறது. நாலரையால் வகுத்தால் 89 சென்ட்தான் வரும். அங்கே பெட்ரோல் இன்னும் மலிவு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். 1979இல் கோவையில் ஒரு லாரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய அமெரிக்க வண்டி ஒன்று வந்தது. அதன் புத்தகத்தில் இன்ஜின் ஆயில் 5 குவார்ட் என்று இருந்தது. நாலு குவார்ட் ஒரு கேலன், எட்டு பைண்ட் ஒரு கேலன். இது இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். ஆளை ஏமாற்றுவதே அதுதான். எங்களுக்குத் தெரிந்த பிரிட்டிஷ் கணக்கில் ஒரு குவார்ட் 1.136 லிட்டர். அதனால் ஐந்தே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றினேன். அமெரிக்க குவார்ட்டோ 946 மில்லிதான், 4.73 லிட்டர் போதும். ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. அதிகமான ஆயிலை, இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கிவிட்டது. மூன்றாம் நாள் வண்டி சீல் வழியாக ஒழுகிக்கொண்டே திரும்பி வந்தது. ஏறக்குறைய ஒரு லிட்டரை வடித்தெடுத்தேன். அந்த டிரைவரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

1824இல் பிரிட்டன் 10 பவுண்டு தண்ணீர் கொள்வதே கேலன் என்று புதிதாக வகுத்தது. அதற்குள் தனி நாடாகிவிட்ட அமெரிக்கா, 231 கன அங்குலம் கொண்ட பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது. நம் ஊரிலும் பெரிய படி, சின்னப் படி என்று இருந்ததே. எந்தப் படி என்று கேட்காமல் யாரும் அரிசி வாங்கியதில்லை.

அதனால் உங்கள் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அமெரிக்கச் செய்தி என்றால் 3.785, பிரிட்டிஷ் கேலன் என்றால் 4.546. முடிந்தால் லிட்டரிலேயே போட்டுவிடுங்கள், ரொம்பப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
கோவை.