கருப்புத் திரையும் பேசும்: கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி விற்கும், பழுது பார்க்கும் கடைக்காரர்களுக்கும், வீடு தேடி வந்து விண்டோஸ் போட்டுத் தரும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். கண் பார்வை கிடையாது. கேள்வித்தாள் தயாரிப்பது, மதிப்பெண் ஏற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எதையாவது தேடிப் படிப்பது, எல்லாமே வீட்டில் இருக்கும் லேப்டாப்பில்தான். அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் ஓடுகிறது. திரையில் இருப்பதை அது வாசிக்கும், நான் காதால் கேட்பேன். மவுஸைத் தொடுவதே இல்லை. எல்லாம் விசைப்பலகைதான்.

போன மாதம் சார்ஜர் செருகும் இடம் லூசாகிவிட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, வேலையும் சுத்தம். மறுநாள் நான் வகுப்பில் இருந்தபோது மூன்று முறை போன் அடித்திருக்கிறார். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டேன்.

"சார், பின் மாத்திட்டேன். ஆனா டிஸ்பிளே போயிருந்துச்சு. கம்பெனி லோகோ வருது, அப்புறம் ஒரே கருப்பு. வெளி மானிட்டர் போட்டாலும் கருப்பு. சரி, பேனல் கோளாறு இல்லன்னு விண்டோஸை அடிச்சிட்டுப் புதுசா போட்டேன். பளிச்சுன்னு வந்துருச்சு. அதுக்குத் தனியா காசெல்லாம் வேண்டாம் சார்."

குரலில் அவ்வளவு சந்தோஷம்.

டிஸ்பிளே போகவே இல்லை, தம்பி. நான்தான் மூடி வைத்திருந்தேன். என்விடிஏவில் திரைச்சீலை என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் என்விடிஏ ஓடத் தொடங்கியதும் திரை முழுக்கக் கருப்பாகிவிடும். எத்தனை மானிட்டரைச் செருகினாலும் அத்தனையும் கருப்புதான். நான் கேள்வித்தாள் அடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே தேவைப்படாத வெளிச்சம் அவருக்கு எதற்கு? அதனால் எப்போதும் மூடியே வைத்திருப்பேன்.

நீங்கள் அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அந்த லேப்டாப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கும். கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரை ம்யூட்டில் போட்டதாகப் பிறகு நீங்களே சொன்னீர்கள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னவெல்லாம் அழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

என் பாடக் கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. போனது, ஆறு வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு அகராதி. இது என்ன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. திரைவாசிப்பான் எழுத்தைப் பார்த்து அப்படியே சொல்லும். "கி.மு. 300" என்று இருந்தால் "கி மு முந்நூறு" என்று முனகும். அகராதியில் ஒரு முறை சொல்லி வைத்துவிட்டால் "கிறிஸ்துவுக்கு முன்" என்று முழுசாக வாசிக்கும். இப்படி ஒவ்வொரு முறை காது உறுத்தும்போதும் வேலையை நிறுத்திவிட்டு ஒரு வரி சேர்த்திருப்பேன். சுருக்கெழுத்துகள், பாடநூலில் வரும் கிரேக்கப் பெயர்கள், எங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளின் விநோதமான குறியீடுகள் என்று நூற்றுக்கணக்கில். அதோடு, வேர்டைத் திறந்தால் தமிழ்க் குரல், எக்செல்லுக்குப் போனால் ஆங்கிலக் குரல், மதிப்பெண் பட்டியலில் மட்டும் வேகம் கொஞ்சம் குறைவு என்று ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக அமைத்து வைத்திருந்தேன். எல்லாம் போச்சு.

இதைக் காப்பாற்ற உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். விண்டோஸில் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ரோமிங் என்று ஒன்று இருக்கும். அதற்குள் என்விடிஏ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர். அகராதி, குரல், வேகம், தனி அமைப்புகள், ஆட்-ஆன்கள் எல்லாம் அதில்தான். ஃபார்மட் அடிப்பதற்கு முன் அதைப் பென்டிரைவில் எடுத்து வைத்து, புதிய விண்டோஸில் என்விடிஏவை நிறுவிய பிறகு அதே இடத்தில் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. என்விடிஏவின் கருவிகள் மெனுவில், எடுத்துச் செல்லும் பிரதியை அமைப்புகளோடு சேர்த்துப் பென்டிரைவில் உருவாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. நான் செய்யவில்லை. இப்போது செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் அமைத்தேன். நீங்கள் புதுசாகப் போட்டுத் தந்த விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். நரேட்டர் பேசத் தொடங்கியது. விண்டோஸோடு கூடவே வரும் திரைவாசிப்பான் அது. விண்டோஸ் நிறுவும்போதே, மொழி என்ன, பயனர் பெயர் என்ன என்று கேட்கும் திரையிலேயே அதை அழைக்கலாம். ஆகவே புது லேப்டாப் வாங்க எங்களில் ஒருவர் வந்தால், அந்தத் திரைகளை எல்லாம் நீங்களே கடகடவென்று தாண்டிவிட்டு, "ஒன் டூ த்ரீ ஃபோர்னு பாஸ்வேர்டு வச்சிருக்கேன் சார்" என்று சொல்ல வேண்டாம். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கூட வந்த மச்சானிடம் "சாருக்கு என்ன பேர்ல போடணும்?" என்று கேட்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள். சார் பக்கத்தில்தான் நிற்கிறார்.

நரேட்டர் துணையோடு என்விடிஏவைப் பதிவிறக்கினேன். அது முழுக்க இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான்கள் நம் கைக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்னும் சில கடைகளில் "சார், ஜாஸ் கிராக் இருக்கு, போட்டுத் தரவா?" என்று கேட்கிறார்கள். ஜாஸ் என்பது விலை கொடுத்து வாங்கும் இன்னொரு திரைவாசிப்பான், நல்ல மென்பொருள்தான். ஆனால் கிராக்கோடு, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியோடு, என்னென்ன உள்ளே வரும் என்று எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். இலவசமாக, நேர்மையாகக் கிடைப்பது இருக்கும்போது அது எதற்கு?

என்விடிஏவின் நிறுவும் கோப்பைத் திறந்தால் சின்ன இசை ஒன்று வரும், உடனே பேச ஆரம்பித்துவிடும். விண்டோஸுக்குள் நுழையும் திரையிலேயே பேச வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டு திரை ஊமையாக இருந்தால் நாங்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் அழுத்தினால் என்விடிஏ தொடங்கும் குறுக்குவழியையும் எடுத்துவிடாதீர்கள். எப்போதாவது அது தொங்கிப் போனால் எங்களை மீட்டெடுப்பது அந்த மூன்று விசைகள்தான்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். என்விடிஏவோடு ஈஸ்பீக் என்ற குரல் வருகிறது, தமிழும் பேசும். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். ஆனால் எவ்வளவு வேகம் வைத்தாலும் எழுத்து சிதையாது, விசையை அழுத்திய நொடியே பதில் வரும். இன்னொன்று, விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதன் பேச்சுத் தொகுப்பையும் இறக்கினால் கிடைக்கும் குரல். அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். ஏழு சீரில் விஷயத்தை முடித்தவர், எங்கள் வீட்டில் நாள் முழுக்க ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். கேட்க மனிதக் குரல் போல இருக்கும். நான் கதை படிக்க வள்ளுவரையும், வேலை செய்ய ஈஸ்பீக்கையும் வைத்திருக்கிறேன். வேறு ஒருவருக்கு இது தலைகீழாக இருக்கலாம். உங்கள் காதுக்கு இனிமையாக இருப்பதை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துவிட வேண்டாம், அவ்வளவுதான்.

வேகமும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஒரு வங்கி ஊழியர் வேறு ஏதோ வேலையாகக் கணினியைக் கடையில் கொடுத்தார். வாங்க வந்தபோது, "சார், வாய்ஸ் ஏதோ சிக்கி வேகமா ஓடிட்டிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றார்களாம். உங்களுக்குக் கொசு ரீங்காரமாகக் கேட்பது எங்களுக்கு முழு வாக்கியம். வருடக்கணக்கில் பழகிய காது அது. பேச்சைக் கேட்டு நடுங்க வேண்டாம். கண்ட்ரோலை ஒரு முறை தட்டினால் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடும்.

விசைப்பலகையில் இரண்டு சங்கதிகள். என்விடிஏவின் கட்டளைகளுக்கெல்லாம் இன்சர்ட் விசைதான் சாவி. இப்போது வரும் பல லேப்டாப்களில் அதை எஃப்என் விசையோடு சேர்த்து எங்கோ மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறோம். "கேப்ஸ் லாக் வேலை செய்யலை, கீபோர்டு மாத்தணும்" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு முறை வேகமாகத் தட்டிப் பாருங்கள், வேலை செய்யும்.

இன்னொன்று, எஃப், ஜே விசைகளின் மேல் சின்ன மேடு இருக்குமே, அதுதான் எங்கள் கைவிரலுக்கு வழிகாட்டி. தமிழ் 99 விசைப்பலகை அமைப்பில் இடது சுட்டுவிரல் ஆய்தத்திலும் வலது சுட்டுவிரல் பகரத்திலும் போய் உட்காருவது அந்த மேட்டைத் தடவித்தான். அதன் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டித் தருவதையும், "ஃப்ரீ சார்" என்று சிலிகான் உறை போட்டுத் தருவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்யும் வேலை அதைக் கிழித்துப் போடுவதுதான்.

தமிழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. "தமிழ் போட்டுட்டேன் சார்" என்று நீங்கள் சொல்வது பல சமயம் பாமினி எழுத்துருவைத்தான். கண்ணுக்கு அது அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. அம்மா என்று திரையில் தெரிவதை என்விடிஏ "எம் கே கே எச்" என்று உளறும், ஏனென்றால் கணினிக்குள் உண்மையில் இருப்பது அதுதான். கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடில் இருந்தால் மட்டுமே எங்களுக்கு அது தமிழ். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டியதில்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்ட இதை எழுதவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு வங்கிக் கணக்கு தொடங்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு பற்றியது, உங்கள் மாடிப்படிக் கடையைப் பற்றியது அல்ல. ஆனால் அந்தக் கேஒய்சியைச் செய்வதற்கு என் லேப்டாப் பேச வேண்டுமே, அது உங்கள் மேசையிலிருந்துதானே திரும்பி வருகிறது.

அகராதியில் இதுவரை முப்பது நாற்பது வரிகள் மறுபடி சேர்ந்திருக்கின்றன. இந்த முறையும் முதலில் சேர்த்தது கி.மு.தான்.

தம்பி, இப்போது விசிறியிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் கடைக்கே கொண்டுவருகிறேன். திரை கருப்பாகத்தான் இருக்கும். பாட்டை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்