எம்.பி.மார் சேர்ந்து வாசித்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் திருவிழாவில் இசைக்குழு நல்லா பாடிக்கொண்டிருக்கும்போது பாட்டை நிறுத்தி, வந்த அரசியல்வாதிக்குப் பொன்னாடை போர்த்தி, அரை மணித்தியாலம் பேசவிடுவது மட்டக்களப்பில் வழமையாகிவிட்டது. பேச வேண்டாம், இசைக்கருவி வாசியுங்கள் என்று அவர்களிடம் யாராவது சொன்னால் என்ன?

பகிடியில்லை. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் 2004 இல் எம்.பி. 4 என்று ஒரு றொக் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். தொழிற்கட்சியின் கெவின் பிரெனன் பாட்டும் கிற்றாரும், அதே கட்சி இயன் கோசி பேஸ் கிற்றார், எதிர்முகாமான கன்சர்வேட்டிவ் கட்சியின் கிரெக் நைட் ட்ரம்ஸ், ஸ்கொட்லாந்து தேசியக் கட்சியின் பீட் விஷார்ட் கீபோர்ட். இதில் விஷார்ட் லேசுப்பட்ட ஆளில்லை, அரசியலுக்கு வருமுன் ரன்ரிக் என்ற பேர்போன குழுவில் வாசித்தவர்.

2014 இல் ஸ்கொட்லாந்து பிரிந்துபோவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வந்தது. விஷார்ட் பிரிய வேண்டும் என்று நின்றார், மற்ற மூவரின் கட்சிகளும் கூடாது என்றன. (இங்கே இலங்கையில் பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று அரசியலமைப்பின் 6 ஆம் திருத்தத்தின்படி சத்தியம் செய்யாமல் எம்.பி. கதிரையில் இருக்கவே முடியாது.) ஆனாலும் குழு உடையவில்லை. 2016 ஜூனில் தொழிற்கட்சி எம்.பி. ஜோ கொக்ஸ் கொல்லப்பட்டபோது, இந்த நால்வரும் வேறு பாடகர்களும் ரோலிங் ஸ்டோன்ஸின் பழைய பாட்டொன்றைப் பாடி வெளியிட்டு அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் பணம் சேர்த்தார்கள். அந்த விற்பனைக்கான வற் வரியையும் அரசாங்கம் விட்டுக்கொடுத்தது.

நம் ஊரிலும் ஒரு எம்.பி. கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் தேவாலயத்துக்குள்ளேயே, ஜோசப் பரராஜசிங்கம். அவருக்காக எல்லாக் கட்சியும் ஒரே மேடையில் ஒரு பாட்டாவது பாடியதாக எனக்கு ஞாபகமில்லை.

மாடு வளர்ப்போரின் மேய்ச்சல்தரைப் பிரச்சினையும் கல்முனைப் பிரதேச செயலகப் பிரச்சினையும் பாட்டுப் பாடித் தீராது, சரி, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒத்திகை என்று ஒன்று இருக்கிறதே. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர் மேலால் கத்தலாம், வாசிக்கும்போது அது நடக்காது, பக்கத்தில் இருப்பவரின் தாளத்தைக் கேட்டே ஆக வேண்டும். கூத்துக் களரியில் ராசா வேஷம் கட்டியவரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்குத்தானே ஆடுகிறார்! றொக் தெரியாவிட்டால் பரவாயில்லை. நம்மிடம் மத்தளமும் சல்லாரித் தாளமும் இருக்கின்றன, காத்தான்குடிப் பக்கம் றபான் மேளம் இருக்கிறது, பறங்கியரிடம் வயலின் இருக்கிறது.

தேர்தல் இல்லாத மாதமாகப் பார்த்து மாவட்டத்தின் ஐந்து எம்.பி.மாரும் கல்லடிக் கடற்கரையில் ஒரு மேடை போடட்டும், வரும் காசு போதனா வைத்தியசாலைக்குப் போகட்டும். முதல் டிக்கெட் எனக்கு. சுருதி விலகினாலும் காசைத் திருப்பிக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.