இரண்டு போத்தல்

கல்லடி
ஆடி மாதம்

அன்பு மகளுக்கு,

நீ போட்ட படத்தைத் தம்பி காட்டினான். பிளான்ச் ஏரியாம். சோல்ட் லேக் நகரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு இடமா! அந்தப் பாதையில் 800 மீற்றருக்கு மேல் ஏற்றமாம். நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை மலையே 2,524 மீற்றர்தான், அக்கா நிற்கிற குளம் 2,700 மீற்றரில் கிடக்குது என்று சொல்லிச் சிரிக்கிறான். எனக்குக் கல்லடிப் பாலம் ஏறினாலே இளைக்கிறது. முன்வீட்டு மாமிக்கும் படத்தைக் காட்டினேன், பார்க்கட்டும்.

தனியே மட்டும் போகாதே. கோடையில் மத்தியானம் திரும்பினால் அங்கே இடிமின்னல் வருமாம். விடியவே ஏறி, அதற்குள் இறங்கிவிடு. நகரத்துக் குழாய்க்குப் போகிற தண்ணீர், நாயைக்கூட அந்தப் பாதையில் விடமாட்டார்களாம். வாவியில் நீந்தி வளர்ந்தவள் நீ, கால் சும்மா இருக்காது. குளத்துக்குள் இறங்கிவிடாதே. தனியே போகாதே.

படத்தில் பாறையின் மேல் உன் நீலப் போத்தல் இருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புப் போத்தல், மூடி திறந்தபடி. இரண்டும் உன்னுடையதாகத்தான் இருக்கும். ஏற்றத்துக்குத் தண்ணீர் நிறைய வேண்டும்தானே.

உன் வீட்டுக்கு ஓடு போட்டாச்சு. சரி, அதை விடு.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அம்மம்மாவோடு போன வருசம், கும்புக்கன் ஆற்றைக் கடந்து கரையேறும்வரை அவ என் கையை விடவேயில்லை. அதற்கு முதல் நாள்தான் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை.

சித்திரை வருசத்தன்று நீ மூன்று தரம் போன் எடுத்தாய். அம்மா குளிக்கிறா என்று தம்பியைச் சொல்லவைத்தேன். குளிக்கவில்லை மகள். பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். முந்திய கிழமை நீ சொன்னதுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, மூன்று மாதமாக அவள் எடுக்கிறாளில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் உன்னைத்தான் குறை சொல்லித் திரிகிறேன்.

அடுத்த தரம் ஏறமுன்னம் சொல்லு. இறங்கினதும் எடு. அங்கே மத்தியானமென்றால் இங்கே நடுச்சாமம், பரவாயில்லை, நான் முழித்திருப்பேன்.

அந்தக் கறுப்புப் போத்தலையும் மூடி வைக்கச் சொல்லு. பாறையில் சரிந்தால் தண்ணீர் எல்லாம் போய்விடும்.

அம்மா