படம் வந்துவிட்டது, அம்மிணி

அன்னூர்,
புதன் ராத்திரி

அன்புள்ள அம்மிணிக்கு,

படம் வந்துவிட்டது. தம்பியின் கம்ப்யூட்டருக்கு நீ கொடுத்த, திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியைப் படித்து முடிக்கிற வரைக்கும் நீ வெசனப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பேசியது சரியில்லை. "செத்துப்போன கார்டைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டாயே" என்று கேட்டது உன் அம்மாவுக்கே பிடிக்கவில்லை. ராத்திரி சோறு போடும்போது கரண்டிச் சத்தத்திலேயே தெரிந்தது. நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்: "மானிட்டர் ஒயரை எங்கீங்கப்பா சொருகியிருக்கீங்க?" "எங்கே சொருகணுமோ அங்கதான்" என்று சொல்லிவிட்டேன். நீயும் வேறு கார்டு வாங்கப் பணம் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தப் பணம் வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும். அதுதான் தாளை எடுத்தேன்.

தம்பி சனிக்கிழமை காங்கயத்துக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போனான். பழைய கார்டின் ஃபேன் நின்று நின்று சுற்றிக்கொண்டிருந்தது, எடிட்டிங் பாதியில் திரை உறைந்துபோகும். நீ பொங்கலுக்குக் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 1660 கார்டு பீரோவில் துணிக்கு நடுவில் சும்மா கிடந்தது. அவன் வருவதற்குள் மாட்டி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்கு ஒரு கார்டு மாட்ட வராதா?

கரன்ட்டைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தேன், பயப்படாதே. நீ அன்றைக்குச் சொன்ன மாதிரி பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விட்டேன். ஸ்க்ரூவைக் கழற்றி இழுத்தால் பழைய கார்டு வரவேயில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் மதர்போர்டே விரிசல் விட்டிருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், கார்டு உட்காருகிற ஸ்லாட்டின் கோடியில் நக அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அதை அழுத்தியதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி வந்துவிட்டது.

உன் கார்டை மாட்டினேன், கொக்கி 'டக்'கென்று விழுந்தது. சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு.

இதற்குக் காரணத்தை நானே கண்டுபிடித்தேன் என்பதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். உன் கார்டின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு செல்லில் தேடிப் படித்தேன். இந்தக் கார்டு 120 வாட் இழுக்கும், ஸ்லாட் கொடுப்பதோ 75 வாட்தான். கணக்கு உதைக்கிறதே, மீதி எங்கிருந்து வரும்? பார்த்தால் கார்டின் முதுகில் 8 ஓட்டை காலியாகக் கிடக்கிறது. பழையதற்குத் தனி ஒயரே கிடையாது, அதனால் நான் யோசிக்கவேயில்லை. பவர் சப்ளையிலிருந்து வருகிற ஒயர்களில் 6 முள்ளும் பக்கத்தில் 2 முள் தனியாகவும் தொங்குகிற ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சொருகினால் 8. புராசசருக்குப் போகிற ஒயருக்கும் 8 முள்தான். அதை இதில் திணித்துவிடக் கூடாது, பிளஸ்ஸும் நெகடிவும் இடம் மாறியிருக்கும். மோட்டாரில் பேஸ் மாறினால் திருப்பித்தான் சுற்றும், இங்கே எரிந்தே போகும். நல்லவேளை, ஓட்டைகளின் வடிவத்தை வேறாக வைத்திருக்கிறார்கள்.

ஒயரைக் கொடுத்ததும் கார்டின் ஃபேன் சுற்றியது. திரை மட்டும் அப்படியே கறுப்பு.

அப்புறம்தான் கெரகம் பிடித்தது. கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினேன், அணைந்தது. ஆக மெஷினுக்கு உயிர் இருக்கிறது, படம்தான் இல்லை. மானிட்டரின் நீலத் தலை ஒயர் போர்டிலேயே இருக்கிற நீல ஓட்டையில் இருந்தபடியே, கார்டை மட்டும் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது! கார்டை மறுபடி மாட்டினேன், போய்விட்டது. கழற்றினால் வருகிறது, மாட்டினால் போகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கார்டு செத்ததென்று முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சூட்டில்தான் உனக்குப் போன் போட்டேன்.

போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். காசு மாதிரி இருக்கிற 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றிச் சித்த நேரம் வைத்துவிட்டுப் போட்டேன். அதில் கண்ட பலன், கடிகாரம் பல வருஷம் பின்னுக்குப் போனதுதான்.

நேற்றுக் காலையில் புளியம்பட்டிக்கு அக்கட்ட ஒரு தோட்டத்திலிருந்து போன் வந்தது. "லைன்ல மூணு பேஸும் வருதுங்க, மோட்டார்தானுங்க போயிருச்சு. தூக்கிரலாமுங்களா?" என்றார் அந்தத் தோட்டத்துக்காரர். தண்ணிக்குள் கிடக்கிற சப்மெர்சிபிள் மோட்டாரை வெளியே தூக்குவதென்றால் சும்மாவா, ஆள் கூலியே எவ்வளவு ஆகும்? நான் வருகிற வரைக்கும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். மீட்டருக்குப் பக்கத்தில் பார்த்தால் மூன்று பேஸும் வருகிறது. ஸ்டார்டரில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. நடுவில் லைனா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச். போன வாரம் வீட்டில் சீருக்காக ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். விசேஷம் முடிந்து ஜெனரேட்டர் போய்விட்டது, கைப்பிடி மட்டும் ஜெனரேட்டர் பக்கமே கிடக்கிறது. "பார்க்காமலேயே மோட்டார் மேல பழியைப் போடறீங்களே" என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினேன் அம்மிணி. கரன்ட் இருக்கிறது, மோட்டாரும் நல்ல மோட்டார், போகிற வழிதான் மாறிக் கிடந்தது. நீ கேட்டதும் அதைத்தானே?

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பழைய கார்டில் நீல ஓட்டை இருந்தது. உன்னுடையதில் விஜிஏ என்கிற அந்த நீல ஓட்டையே கிடையாது. அதனால்தான் அந்த ஒயர் எங்கே நுழைந்ததோ அங்கே, அதாவது போர்டில், சொருகியிருக்கிறேன். கார்டு இல்லாதபோது அங்கே படம் வரும். கார்டு ஏறிவிட்டால் போர்டு தன் ஓட்டையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கார்டு பக்கம் திருப்பிவிடும். நம் சேஞ்ச் ஓவரேதான், என்ன, கைப்பிடி வெளியே தெரியாது. நான் மூன்று தடவை பார்த்த சாட்சியெல்லாம் கார்டு வேலை செய்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

மானிட்டரில் எச்டிஎம்ஐ ஓட்டையும் இருக்கிறது, அதற்கு ஒயர்தான் இல்லை. நீலத்தை எச்டிஎம்ஐயாக மாற்ற ஒரு முனை வாங்கலாமா என்று பார்த்தேன். எச்டிஎம்ஐ டிஜிட்டல், நீலம் அனலாக், சும்மா ஒரு முனையைச் சேர்த்தால் ஆகாது, நடுவில் மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட் வேண்டும். காந்திபுரம் போய்வரப் பொழுதும் இல்லை. அம்மா கறிவேப்பிலை வாங்கப் போன சமயமாகப் பார்த்து டிவி செட்டாப் பாக்ஸிலிருந்த எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சொருகினேன். அப்போதும் கறுப்பு! நெஞ்சு திக்கென்றது. மானிட்டரின் அடியில் தடவினால் நாலைந்து பட்டன். ஒன்றை அழுத்தினால் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று எழுத்து வந்தது. இத்தனை நாளும் அது விஜிஏவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாற்றிவிட்டேன். படம் வந்துவிட்டது, எழுத்தெல்லாம் ரோட்டோர போர்டு மாதிரி பெரிசு பெரிசாக. பொழுதோட தம்பி வந்து கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரைப் போட்டு, தேதியையும் சரி செய்தான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் காங்கயம் கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தான், ஒரு தடவைகூட நிற்கவில்லை. "அக்கா கார்டு சூப்பருங்கப்பா" என்றான். நான் பதில் சொல்லவில்லை, உனக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் கோபம் தணியவில்லை, இப்போது அது வேறு கோபம். டிவிக்குப் பழைய சிவப்பு மஞ்சள் வெள்ளை ஒயரைக் கொடுத்திருக்கிறேன். சீரியலில் எல்லாருடைய முகமும் கலங்கித் தெரிகிறதாம், யார் அழுகிறார்கள் என்றே புரியவில்லையாம். தம்பியின் ஒயரைத் தொட்டால் அவன் சண்டைக்கு வருவான். இந்தச் சனிக்கிழமை வருகிறாய் அல்லவா, வரும்போது இரண்டு மீட்டரில் ஒரு எச்டிஎம்ஐ ஒயர் வாங்கி வா. காசு நான் தருகிறேன். அம்மாவிடம் மட்டும் நான் சொல்லித்தான் வாங்கினாய் என்று சொல்லிவிடு.

உன் அப்பா