ராஜா இடத்தில் குதிரை

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் வந்தபிறகு சதுரங்கத்தில் கண்டுபிடிக்க இனி ஒன்றுமில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவர் ஒருமுறை நைட்மேட் ஆடிப் பார்க்க வேண்டும்.

புரூஸ் ஜிமோவ் 1972-இல் உருவாக்கிய ஆட்டம் அது. ராஜாவின் கட்டத்தில் ஒரு குதிரை நிற்கும். செக், செக்மேட் எல்லாம் அதற்குத்தான். வழக்கமான குதிரைகள் நிற்கும் இடத்தில், ராஜா மாதிரி ஒரு கட்டம் நகரும் காய்கள் இரண்டு. அவற்றை வெட்டினால் ஆட்டம் முடியாது. மாற்றம் இவ்வளவுதான், ஆனால் பழகிய கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

இ1-இல், அதாவது ராஜா வழக்கமாகத் தொடங்கும் கட்டத்தில், ராஜகுதிரை நிற்கிறது, சுற்றிலும் காலி என்று வையுங்கள். எதிராளியின் ராணி எந்தத் துணையும் இல்லாமல் அதற்கு நேர் முன்னே இ2-இல் வந்து உட்காருகிறது. வழக்கமான சதுரங்கத்தில் ராஜா அதை வெட்டிவிட்டுப் போய்விடும். குதிரையால் பக்கத்துக் கட்டத்தைத் தொட முடியாதே! அது தாவக்கூடிய சி2, டி3, எஃப்3, ஜி2 நான்கும் ராணியின் பிடியில். வேறு காய் வந்து ராணியை வெட்டாவிட்டால் மேட். பிஷப்பின் நிலைமை இதற்கு நேர் எதிர். கறுப்புக் கட்டத்துக் குதிரை வெள்ளைக் கட்டத்துக்குத்தான் தாவும். அதனால் செக் வைக்கும் பிஷப்பால், அது தப்பியோடும் கட்டங்களில் ஒன்றைக்கூட அடைக்க முடியாது. இதை முதன்முதலில் பலகையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

எச்.ஜி. முல்லரின் ஃபேரி-மேக்ஸ் என்ற இலவச புரோகிராம் இந்த ஆட்டத்தை ஆடும். காய்கள் எப்படி நகரும் என்பதை அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படித்துக்கொள்கிறது. ஃபேபியன் ஃபிக்டரின் ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ்ஷிலும் புது விதிகளை இப்படி எழுதிச் சேர்க்கலாம்.

அந்த வாசகரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாக் காய்களையும் இழப்பவரே வெல்லும் ஆன்டிசெஸ்ஸில், ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி இ3 என்று தொடங்கினால் வெள்ளைக்கு வெற்றி நிச்சயம் என்று மார்க் வாட்கின்ஸ் 2016-இல் கம்ப்யூட்டர் கொண்டே நிரூபித்துவிட்டார். சரி, ஒரு கதவு மூடியது. ஆனால் ராஜாவை மாற்றிவிட்டால் பிஷப்புக்கு என்ன மதிப்பு, கோட்டை கட்டுவது (காஸ்லிங்) லாபமா என்று எல்லாமே புதிதாகக் கேட்க வேண்டிய கேள்விகள். புரோகிராமைத் தன்னோடு தானே நூற்றுக்கணக்கில் ஆடவிட்டு வீட்டிலிருந்தே விடை தேடலாம்.

உங்கள் சதுரங்கப் பக்கத்தில் மாதம் ஒரு நைட்மேட் புதிராவது வெளியிடுங்கள். மேலே சொன்ன ராணி மேட்டையே முதல் புதிராக வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் நீண்டகால வாசகர்